செராவின் தலைக்கனம்

இரண்டு குட்டி டைனோசர்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒருத்தி முக்கொம்பு இனம், மற்றவன் நெடுங்கழுத்து இனம். இருவருக்கும் விளையாட ஆசை. முட்ட வருவதுபோல் பாவனை காட்டுகிறார்கள், சிரிப்பு வெடிக்கப்போகிறது. அதற்குள் முக்கொம்புக் குட்டியின் அப்பா வந்து நடுவில் நிற்கிறார். முக்கொம்பர்கள் நெடுங்கழுத்தர்களோடு விளையாடுவதில்லை என்று உறுமுகிறார். மகள் உடனே அதே பேச்சை அதே மிடுக்கோடு திருப்பிச் சொல்லிவிட்டு, அப்பாவின் பின்னால் போய்விடுகிறாள்.

1988இல் வெளிவந்த ‘தி லேண்ட் பிஃபோர் டைம்’ என்ற அனிமேஷன் படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. இயக்கியவர் டான் ப்ளூத். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் ஜார்ஜ் லூகாஸும் நிர்வாகத் தயாரிப்பாளர்கள். படம் மொத்தமே 69 நிமிடம்தான். 1994 முதல் 2016 வரை இதன் தொடர்ச்சியாக இன்னும் 13 படங்கள் வந்தன. அவை தியேட்டருக்குப் போகாமல் நேராக வீடியோவாகவே வெளியாயின. ப்ளூத்துக்கு அவற்றில் பங்கில்லை. கதை எழுதப் பழகும் யாராவது ‘குணக்குறை என்றால் என்ன?’ என்று என்னிடம் கேட்டால், தடித்தடிப் புத்தகங்களைத் தேடச் சொல்ல மாட்டேன். முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள், செரா என்ற அந்த முக்கொம்புக் குட்டியை மட்டும் விடாமல் கவனியுங்கள் என்பேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கதாபாத்திரத்துக்குக் கோபம் வரும், சோம்பல் உண்டு, நிறையச் சாப்பிடும் என்பதெல்லாம் பழக்கங்கள். கதை திரும்பும் இடத்தில் அந்தக் கதாபாத்திரத்தைத் தவறான முடிவை எடுக்க வைப்பது எதுவோ அதுதான் குணக்குறை. கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அந்தக் குணத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை பாட்டுக்கு ஓடினால் அது வெறும் அடையாளம். கதை அங்கேயே நின்றுவிட்டால் அது குணக்குறை. ஸ்பைக் என்ற முள்வால் குட்டி எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருக்கிறான். அவன் பசியை எடுத்துவிட்டாலும் முதல் படம் அப்படியே நடக்கும். செராவின் தலைக்கனத்தை எடுத்துவிட்டால் படத்தின் நடுப்பகுதியே கிடையாது.

கதை இதுதான். எங்கும் வறட்சி, இலை கிடைப்பதில்லை. கூட்டங்கள் பசுமைப் பள்ளத்தாக்கு ஒன்றைத் தேடி நடக்கின்றன. வழியில் பெரிய நிலநடுக்கம். நெடுங்கழுத்துக் குட்டி லிட்டில்ஃபுட்டின் அம்மா, கூர்ப்பல் என்று எல்லோரும் அஞ்சும் டைரனோசரஸோடு சண்டையிட்டுக் காயம்பட்டு இறந்துபோகிறாள். பிளந்த நிலம் பல குட்டிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவிடுகிறது. லிட்டில்ஃபுட், செரா, நீந்தும் இனத்தைச் சேர்ந்த டக்கி, பறக்கும் இனத்தில் பிறந்தும் பறக்கப் பயப்படும் பெட்ரி, அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த ஸ்பைக் என ஐந்து பேரும் பள்ளத்தாக்கைத் தேடிப் போகிறார்கள்.

மற்றவர்களோடு சேர்வதற்கு முன் தனியாக அலையும் செரா, கூர்ப்பல் அசைவின்றிக் கிடப்பதைப் பார்க்கிறாள். செத்துவிட்டது என்று நினைத்து ஓடிப் போய் முட்டுகிறாள். அது கண் விழித்துவிடுகிறது. உயிர் தப்பினால் போதும் என்று ஓடி வந்து மற்றவர்களிடம் சேர்கிறாள். ஆனால் பயந்து ஓடி வந்தேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. தான் தைரியமாக நின்று சண்டை போட்டதாகக் கதை விடுகிறாள். லிட்டில்ஃபுட் நம்பவில்லை. கூர்ப்பல் நிலப்பிளவில் விழுந்ததை அவன் பார்த்திருக்கிறான், அது செத்துவிட்டது என்கிறான். இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். செரா சொன்னதில் ஒரே ஒரு உண்மை இருந்தது: கூர்ப்பல் உயிரோடு இருக்கிறது. அவர்கள் எல்லோருடைய உயிரையும் காக்கக்கூடிய தகவல் அது. பெருமைப் பேச்சுக்குள் சுருட்டிக் கொடுத்ததால் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. குணக்குறை கதைக்குள் வேலை செய்வது இப்படித்தான். செராவுக்கு யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் துளியும் இல்லை, ஆனாலும் கெடுதல் நடந்துவிடுகிறது.

அப்புறம் அந்தத் தூங்கும் காட்சி. லிட்டில்ஃபுட்டோடு சேர்ந்து படுக்க மாட்டேன் என்று செரா தள்ளிப் போய்ப் படுக்கிறாள். குளிர் ஏற ஏற மற்றவர்கள் ஒவ்வொருவராக லிட்டில்ஃபுட்டின் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் அவள் மட்டும் தனியாகக் கிடக்கிறாள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்க்கிறாள். பிறகு எழுந்து வந்து அந்தக் கூட்டத்தோடு சுருண்டுகொள்கிறாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வசனமே தேவைப்படாத காட்சி. திமிருக்கு அடியில் இருப்பது பயம்தான் என்று அங்கேதான் தெரிகிறது. நல்ல குணக்குறை பெரும்பாலும் எதையாவது மூடி வைத்திருக்கும் போர்வையாக இருக்கும். எழுதத் தொடங்குபவர்கள் தங்கள் பாத்திரத்துக்கு ‘கர்வம்’ என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கர்வம் இல்லாவிட்டால் அந்தப் பாத்திரத்துக்கு எது வெளியே தெரிந்துபோகும் என்றும் யோசிக்க வேண்டும். செரா விஷயத்தில் வெளியே தெரிந்துபோவது, அவள் அப்பாவைத் தொலைத்துவிட்ட குழந்தை என்பது.

காலையில் எழுந்ததும் அவள் மாறிவிடுவதில்லை. இதுவும் சரியான எழுத்து. வழியில் இருவருக்கும் எந்தப் பக்கம் போவது என்று சண்டை வருகிறது. செரா லிட்டில்ஃபுட்டின் இறந்த அம்மாவைப் பழித்துப் பேசுகிறாள், இருவரும் முட்டி மோதிக்கொள்கிறார்கள். மற்ற மூவரும் அவள் காட்டும் சுலபமான வழியில் போகிறார்கள். ஒரு பக்கம் எரிமலைக் குழம்பு, ஒரு பக்கம் தார்க்குட்டை. அவளையும் வேறொரு கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. காப்பாற்ற வருபவன் லிட்டில்ஃபுட்தான். தன்னால்தான் எல்லாம் என்று தெரிந்தும் அவளால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துபோய், யாரும் இல்லாத இடத்தில் அழுகிறாள்.

தமிழில் இந்தக் குணத்துக்குத் தலைக்கனம் என்று பெயர். செராவுக்கு இது அப்படியே பொருந்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அவள் ட்ரைசெராடாப்ஸ். நிலத்தில் வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரிய தலை கொண்டவற்றில் ஒன்று அது. இரண்டரை மீட்டர் நீள மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தலைதான் அவள் பெருமை, அந்தத் தலையால் முட்டித்தான் தூங்கிய கூர்ப்பல்லை எழுப்பினாள். கடைசியில் கூர்ப்பல்லை ஆழமான தண்ணீரில் தள்ளக் குட்டிகள் ஒரு பாறையை உருட்டப் பார்க்கிறார்கள், பாறை நகரவில்லை. அப்போது திரும்பி வரும் செரா அதே தலையால் முட்டித் தள்ளுகிறாள். அவளுடைய குறையையும் பலத்தையும் எழுத்தாளர்கள் ஒரே உறுப்பில் வைத்துவிட்டார்கள். அவள் கொம்பை யாரும் மழுக்கவில்லை, கொம்பு முட்டும் திசைதான் மாறியது.

சரி, இந்தத் தலைக்கனம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? முதல் காட்சிக்குத் திரும்பிப் போனால் விடை அங்கேயே கிடக்கிறது. முன்னேர் போன வழியே பின்னேர். அப்பா சொன்ன பேச்சை மகள் சொல்கிறாள், அப்பாவின் நடையை மகள் நடக்கிறாள். அவளுடைய குறை பாதி அவளுடையது, பாதி இனத்துடையது. ‘நான் உன்னைவிட மேல்’ என்று ஒருவர் நினைத்தால் அது குணக்குறை. ‘நாங்கள் உங்களைவிட மேல்’ என்று ஒரு கூட்டமே நினைத்தால் அது இனப் பகை. இரண்டும் ஒரே செடியின் வேரும் இலையும் என்பதுதான் இந்தப் படத்தொடரிலிருந்து நான் கற்றுக்கொண்டது.

முக்கொம்பர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது என்பதையும் படம் காட்டிவிடுகிறது. லிட்டில்ஃபுட் தன் அம்மாவிடம் போய், ஏன் அவளோடு விளையாடக் கூடாது என்று கேட்கிறான். அன்பே உருவான அந்த அம்மாவும், நாம் வேறு அவர்கள் வேறு, எப்போதும் இப்படித்தான் இருந்து வந்திருக்கிறது என்ற பொருளில்தான் பதில் சொல்கிறாள். உறுமல் இல்லை, வெறுப்பு இல்லை. ஆனால் சுவர் அதே சுவர்தான். இனப் பகையை எழுத நினைப்பவர்கள் உடனே ஒரு கொடூரமான ஆளை உருவாக்கி, எல்லாப் பழியையும் அவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். மென்மையான ஒரு தாயின் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தால்தான் அது எவ்வளவு ஆழமாக ஊறியது என்று பார்ப்பவர்களுக்கு உறைக்கும்.

இந்த உலகத்தில் இனங்களுக்கு உள்ள பெயர்களையும் கவனியுங்கள். நெடுங்கழுத்து, முக்கொம்பு, முள்வால், கூர்ப்பல். எல்லாமே உடலில் முதலில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை வைத்துச் சூட்டிய பெயர்கள். அறிவியல் பெயர்கள் குழந்தைகள் வாயில் நுழையாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கதைக்குள் அது வேறொரு வேலையும் செய்கிறது. ஒருவரைப் பார்த்த கணமே அவர் யார், அவரோடு பேசலாமா கூடாதா என்று முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் குட்டிகளுக்குத்தான் சொந்தப் பெயர்கள் இருக்கின்றன. செராவின் அப்பாவைத் தொடரின் பெரும்பகுதியில் மிஸ்டர் முக்கொம்பு என்றுதான் அழைக்கிறார்கள். இனத்தின் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது.

ஸ்பைக்கை நான் மேலே அடையாளக் கணக்கில் தள்ளினேன். ஆனால் இனப் பகை என்ற கண்ணோடு பார்த்தால் அவனைப் போல முக்கியமானவன் வேறு யாரும் இல்லை. ஐந்து பேரில் அவனுக்கு மட்டுமே யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. முட்டையிலிருந்து வந்ததும் அவன் பார்த்தது டக்கியையும் நண்பர்களையும்தான். அதனால் யார் மீதும் அவனுக்கு விலகல் இல்லை. பிறக்கும்போதே யாரும் பகையோடு வருவதில்லை என்பதை முதல் படத்தில் வசனமே பேசாத ஒரு பாத்திரத்தை வைத்துக் காட்டிவிட்டார்கள். 2001இல் வந்த எட்டாம் படத்தில் முள்வால் கூட்டம் ஒன்று பள்ளத்தாக்குக்கு வரும்போது, தன் இனத்தோடு போவதா, தன்னை வளர்த்த டக்கியோடு இருப்பதா என்ற கேள்வி அவனுக்கு வருகிறது. அவன் மீது எரிந்து விழுந்த டக்கி, அவன் கிளம்பிப் போன பிறகுதான் தவிக்கிறாள்.

இங்கே ஒரு அறிவியல் குறிப்பு. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லிட்டில்ஃபுட் அபடோசரஸ். அந்த இனம் வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஸ்பைக்கின் ஸ்டெகோசரஸும் ஏறக்குறைய அதே காலம். செராவின் ட்ரைசெராடாப்ஸ் வாழ்ந்ததோ 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை. நடுவில் சுமார் 8 கோடி ஆண்டு இடைவெளி. காலக் கணக்கில் செரா லிட்டில்ஃபுட்டுக்கு இருப்பதைவிட நமக்குத்தான் பக்கத்தில் இருக்கிறாள். பெட்ரியின் டெரனோடான் டைனோசரே கிடையாது, பறக்கும் ஊர்வனவற்றில் தனிப் பிரிவு. ஆக செராவின் இனமும் லிட்டில்ஃபுட்டின் இனமும் பகைத்துக்கொள்ள நிஜத்தில் வாய்ப்பே இருந்ததில்லை. ஆனால் ட்ரைசெராடாப்ஸும் டைரனோசரஸ் ரெக்ஸும் ஒரே காலத்தில், ஒரே நிலத்தில் வாழ்ந்தவை. டைரனோசரஸின் பல் தடம் பதிந்த ட்ரைசெராடாப்ஸ் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. செராவின் குடும்பத்துக்குக் கூர்ப்பல் மீது இருந்த பயம் மட்டும் உண்மையான பயம்.

தொடர் படங்களுக்கு வருவோம். எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். பெரிய பலவீனம், முதல் படத்தில் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதைக் குட்டிகள் அடுத்தடுத்த படங்களில் மறந்துவிடுவது. செரா மீண்டும் முறைக்கிறாள், பெட்ரி மீண்டும் நடுங்குகிறான். குணக்குறை அங்கே அடையாளச் சீட்டாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பாத்திரத்தைப் பல கதைகளுக்கு இழுப்பவர்களுக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. குறை தீர்ந்தால் பாத்திரத்தின் சுவை போய்விடுமோ என்ற பயம். ஆனால் குறையையும் இனப் பகையையும் சேர்த்து முடிச்சுப் போட்ட இடங்களில் தொடர் படங்களும் எழுந்து நிற்கின்றன.

1996இல் வந்த நான்காம் படத்தில் ஆலி என்ற நெடுங்கழுத்துச் சிறுமி வருகிறாள். பாசக்காரி, இனிமையானவள். ஆனால் தன் கூட்டத்தைத் தவிர வேறு யாரோடும் பழகியதில்லை. நோயில் கிடக்கும் தாத்தாவுக்கு மருந்துப் பூ தேடி லிட்டில்ஃபுட் கிளம்பும்போது, மற்ற இனத்துக் குட்டிகள் வேண்டாம், நாம் இருவர் மட்டும் போவோம் என்கிறாள். முதல் படத்தில் முக்கொம்பர் பக்கம் இருந்த சுவரை இங்கே கதாநாயகனின் சொந்த இனத்தின் பக்கம் நகர்த்திவிட்டார்கள். ஆலியிடம் செராவின் தலைக்கனம் கிடையாது, வெறும் பழக்கமின்மைதான். லிட்டில்ஃபுட் ஆபத்தில் மாட்டிக்கொண்டதும் உதவி கேட்டு அந்த நண்பர்களிடமே அவள் ஓட வேண்டியிருக்கிறது.

2000இல் வந்த ஏழாம் படத்தில் பெட்ரியின் மாமா டெரானோ. முன்பு ஒரு கூட்டத்தை வழிநடத்திப் போனவர், வேட்டை விலங்குகள் சூழ்ந்ததும் நம்பி வந்தவர்களை விட்டுவிட்டுப் பறந்து போய்விட்டார். இறக்கை இருந்தது, பறந்தார். இறக்கை இல்லாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் குற்றத்தை மறைக்க அவர் வாய் நிறையப் பேசுகிறார். பெட்ரிக்கும் பயம், மாமாவுக்கும் பயம். மருமகன் பயத்தை எல்லோருக்கும் தெரிய வெளியே வைத்திருக்கிறான், மாமா அதற்குத் தலைமை என்ற சட்டை போட்டுவிட்டார்.

ஆனால் என் மனத்தில் தைத்தது 2005இல் வந்த பதினோராம் படம். அதுவரை லிட்டில்ஃபுட் ஏறக்குறையக் குறையே இல்லாத பிள்ளை. அதனாலேயே அவனிடம் பெரிதாக ஒட்ட முடியவில்லை என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இங்கே எழுத்தாளர்கள் அவனுக்கு மிகச் சாதாரணமான ஒரு குறையைக் கொடுக்கிறார்கள். எல்லோரும் காத்திருக்கும் தித்திப்பான பூக்களை அவன் அவசரப்பட்டு எட்டப்போக, அத்தனையும் கீழே கொட்டிவிடுகின்றன. பொந்துகளில் வாழும் ரொம்பச் சின்ன உருவம் கொண்ட ஒரு கூட்டம் வந்து அவற்றைத் தின்றுவிடுகிறது. என்ன நடந்தது என்று பெரியவர்கள் கேட்கும்போது, எல்லாம் அந்தச் சின்னவர்கள் செய்த வேலை என்று லிட்டில்ஃபுட் சொல்லிவிடுகிறான். திட்டு வாங்கப் பயந்த குழந்தை சொன்ன ஒரு பொய். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அந்தப் பொய் பெரியவர்கள் கையில் போனதும் என்ன ஆகிறது என்று பாருங்கள். மிஸ்டர் முக்கொம்பு தலைமையில் ஒரு வேட்டையே தொடங்குகிறது. சின்னஞ்சிறு உயிர்களை ஒழித்துக்கட்ட இவ்வளவு பெரிய உருவங்கள் கிளம்புகின்றன. ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்த வெறுப்புக்கு ஒரு காரணம் மட்டும் தேவைப்பட்டது, லிட்டில்ஃபுட் அதை எடுத்துக் கொடுத்துவிட்டான். முதல் படத்தில் இனத்தின் பகை இறங்கி வந்து ஒரு குழந்தையின் குணமானது. இந்தப் படத்தில் ஒரு குழந்தையின் குறை மேலே ஏறி ஒரு இனத்தின் பகையாகிறது. அந்தச் சின்னவர்களும் நெடுங்கழுத்தர்களைப் போன்ற உருவம் கொண்டவர்கள்தான், அளவுதான் வேறு. லிட்டில்ஃபுட் அவர்களோடு பழகிய பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவனுக்குப் புரிகிறது. எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்ளும்போது அவன் முகத்தில் தெரியும் தவிப்பை, வேறு எந்தப் படத்தில் அவன் காட்டிய வீரத்தையும்விட நான் மதிக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி மிஞ்சும். பழகினால் எல்லாப் பகையும் தீர்ந்துவிடுமா? இதற்குத்தான் சாம்பர் இருக்கிறான். 1994இல் வந்த இரண்டாம் படத்தில் குட்டிகள் ஒரு முட்டையைக் கொண்டுவந்து பாதுகாக்கிறார்கள். பொரிந்து வருவது கூர்ப்பல் குஞ்சு. லிட்டில்ஃபுட்டின் அம்மாவைக் கொன்ற அதே இனம். லிட்டில்ஃபுட்தான் அதை வளர்க்கப் பார்க்கிறான். இலையை நீட்டுகிறான், சாம்பருக்கு அது இறங்கவில்லை. அவன் பாசமானவன், சொன்ன பேச்சைக் கேட்பவன், ஆனால் அவன் பல் இலை மெல்ல வந்த பல் இல்லை. செராவின் தலைக்கனம் யாரோ சொல்லிக் கொடுத்தது, அதனால் அதை மறக்கவும் முடிந்தது. சாம்பரின் பசி யாரும் சொல்லிக் கொடுக்காதது. எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இயல்பைக் குறை என்று காட்டித் திருத்தப் போனால் கதை பொய்யாகிவிடும்.

அவனைத் தேடி அவன் அப்பாவும் அம்மாவும் பள்ளத்தாக்குக்குள் வந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்குள் பயங்கரச் சண்டை நடக்கிறது. முடிவில் சாம்பர் தன் பெற்றோருடனேயே போகிறான். ஐந்தாம் படத்தில் ஒரு தீவில் அவர்கள் மறுபடி சந்திக்கும்போது அவன் வளர்ந்திருக்கிறான், அவர்கள் மொழியைப் பேசுகிறான். நண்பர்களைத் தன் பெற்றோர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கவும் பார்க்கிறான்.